இடைக்கால ஜீவனாம்சமும் முடிவில்லா வாய்தாக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவாகரத்து வழக்கு முடியும்வரை மனைவியும் பிள்ளைகளும் நிர்க்கதியாகிவிடக் கூடாது என்பதற்காகவே இடைக்கால ஜீவனாம்சம் சட்டத்தில் இடம்பெற்றது. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் இடைக்கால ஜீவனாம்சம் கோரும் மனுவை முடிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு கூறியதையே, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 144ஆவது பிரிவும் கூறுகிறது.

ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பினரும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாக அளிக்க வேண்டும் என்றும், மனு கொடுத்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆயினும் அந்த வாக்குமூலத்துக்கே வாய்தாமேல் வாய்தா கேட்கப்படுவதையும், சொந்தத் தொழில் செய்வோர் சிலர் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதையும் காண்கிறோம். மாதச் சம்பளக்காரருக்கு அந்த வசதி இல்லை. வேண்டுமென்றே இழுத்தடிப்பவரின் எதிர்வாதத்தை நீக்கலாம் என்று அதே தீர்ப்பு அளித்துள்ள அதிகாரத்தைக் குடும்ப நல நீதிமன்றங்கள் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

அதே வேளையில், பணம் வரவில்லை என்பதற்காகத் தந்தை குழந்தையைச் சந்திப்பதைத் தடுப்பதும் முறையன்று. பாக்கித் தொகையை வசூலிக்க, நீதிமன்ற உத்தரவை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு இருக்கிறது. சந்திப்பு உரிமையோ குழந்தையின் நலன் சார்ந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை.