படம் பார்த்தாயிற்றே, புத்தகம் எதற்கு?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்தின் முடிவில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை என்னிடம் வந்தார். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்து பாகங்களையும் வாங்கி மகனுக்குக் கொடுத்தாராம். மகன் முதல் பாகத்தில் இருபது பக்கம் புரட்டிவிட்டு, “இதைத்தான் படமாகப் பார்த்துவிட்டோமே அப்பா” என்று மூடி வைத்துவிட்டானாம். “படம் பார்த்தாயிற்று என்றால் புத்தகம் எதற்கு என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை டீச்சர்” என்றார். அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றது. இரண்டு வரியில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. உங்களில் பலர் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கும். அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

இந்த ஆண்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்கு, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளை ஒரு வேலைக்காக ஒதுக்கியிருக்கிறோம். படமாக வந்த ஓர் இலக்கியத்தை முதலில் படிப்பது, பிறகு படத்தைப் பார்ப்பது, அதன் பிறகு உட்கார்ந்து பேசுவது. இந்த வரிசை மாறக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏன் என்பதைச் சென்ற ஆண்டு நடந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த சனிக்கிழமை, அப்போதைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வீராணத்துக்கு அழைத்துப் போனோம். வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகப் போய் பஸ் ஏரிக்கரைச் சாலையில் ஏறியது. கல்கி தம் கதையைத் தொடங்குவது இந்தக் கரையில்தான். அவர் வீரநாராயண ஏரி என்று எழுதுவது நம் மாவட்டத்து வீராணம். பராந்தக சோழனின் விருதுப்பெயரை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகச் சுமந்து நிற்கும் ஏரி. இன்று சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் ஏரியும் இதுவே. நம் பிள்ளைகளில் பலர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கரையைக் கடந்திருக்கிறார்கள். கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கரையோர மர நிழலில் உட்காரவைத்து, முதல் அத்தியாயத்தை ஒருவர் மாற்றி ஒருவராக வாய்விட்டுப் படிக்கச் சொன்னோம். ஏரியின் 74 கணவாய்கள் வழியாகத் தண்ணீர் பாய்ந்து வரும் இடத்தில், தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் படிப்பதை நிறுத்திவிட்டான். கணவாய் என்றால் அவனுக்கு அப்பாவின் வலையில் வரும் கணவாய் மீன். பக்கத்தில் இருந்த மாணவிக்கோ புவியியல் பாடத்தில் வரும் மலைக் கணவாய். ஏரிக்கு ஏது கணவாய்? எங்களை அழைத்துவந்த பஸ் ஓட்டுநருக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. அவர்தான் எழுந்து வந்து பிள்ளைகளைக் கரையிறக்கத்தில் நடத்திக்கொண்டு போய் ஒரு மதகைக் காட்டி, இதுதான் அந்தக் கணவாய் என்றார். ஏரித் தண்ணீர் வாய்க்காலுக்குள் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். திரும்பி வந்து அதே பத்தியை மறுபடி படித்தபோது அவர்கள் குரலே மாறியிருந்தது.

ஒரு சொல்லுக்காகக் கால் மணி நேரம் போயிற்று. திரையரங்கில் யாரும் இப்படி நிறுத்திக் கேட்க முடியாது. அது படத்தின் குறை அல்ல, படம் என்பதே நிற்காமல் ஓடுவதுதான். கல்கி 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுக்கும் மேலாக, வாரந்தோறும் எழுதினார். வாசகர்கள் ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டு அடுத்த இதழ் வரும்வரை அதையே மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்கள். மணிரத்னம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாக எடுத்த படம் மொத்தம் ஐந்தரை மணி நேரம். அது ஏரிக்கரையில் தொடங்கவில்லை, போர்க்களத்தில் தொடங்குகிறது. வகுப்பில் இதைப் பற்றித்தான் முதல் வாரம் பேசினோம். “நாவலைப் படிக்கிறவர்களுக்கு அவசரம் இல்லை, அவர்களை ஏரிக்கரையில் நடத்திக் கூட்டிப்போகலாம். படத்துக்கு வந்தவர்களுக்கு யார் வீரன், யாருக்கு யார் பகை என்று உடனே தெரியவேண்டும்” என்று ஒரு மாணவன் சொன்னான். வருடம் முழுவதும் பாடம் நடத்தினாலும் நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் என்னை உண்மையில் அசைத்தது மணிமேகலை பற்றி எழுந்த சண்டை.

புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், கடம்பூர் சம்புவரையரின் மகள் மணிமேகலை. கதாநாயகன் வந்தியத்தேவன் மீது கொண்ட அன்பால், அவனைக் காப்பாற்ற, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது தானே என்று சொல்லிக்கொள்ளத் துணிகிற பெண். கடைசிப் பாகத்தின் முடிவில் அவளுக்காக அழாத வாசகர்களை நான் பார்த்ததில்லை. படத்தில் அவள் இல்லை. சிறிய வேடமாகக்கூட இல்லை. ஐந்து பாகங்களையும் கோடை விடுமுறையில் படித்து முடித்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “மணிமேகலை எங்கே மிஸ்?” என்று கேட்டாள். படம் மட்டும் பார்த்திருந்த பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது. இல்லாதவளைத் தேட வேண்டுமானால் முதலில் அவளோடு பழகியிருக்க வேண்டும் அல்லவா? அந்த வகுப்பில் படம் பார்த்த எல்லோருக்கும் ஒரே படம்தான் தெரிந்தது. இந்த ஒரு மாணவிக்கு மட்டும், படத்தில் என்ன விட்டுப்போயிற்று என்பதும் தெரிந்தது.

அவளுக்கு எதிராகவும் நல்ல வாதங்கள் வந்தன. கடம்பூர் மாளிகையில் நந்தினியும் அவளுடைய முன்னாள் காதலன் கரிகாலனும் நேருக்கு நேர் நிற்கும் நேரத்தில் மூன்றாவதாக ஒரு பெண்ணின் காதலையும் சொல்லிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் கவனம் சிதறும் என்றார்கள். அவள் விடவில்லை. “அப்படியானால் வந்தியத்தேவன் யாருக்கும் கடன்படாமல் தப்பிவிடுகிறான்” என்றாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

அதே கடம்பூர் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயரைச் சொல்லி, அவர்கள் உறவினரின் நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தியைக் கூறும் இராஜராஜன் காலக் கல்வெட்டு இருக்கிறது. அதில் வரும் இரவிதாசன் என்ற பெயர்தான் நாவலில் உயிர்பெற்று நடமாடுகிறது. கல்வெட்டு பெயர்களைச் சொல்லிவிட, கல்கியோ கொன்றது யார் என்பதை முடிவாகச் சொல்லாமல் நம்மிடமே விட்டுவிடுகிறார். இந்த ஆடியில் பிள்ளைகளை ஏரிக்கரையோடு நிறுத்தாமல் அந்தக் கோயிலுக்கும் அழைத்துப்போகிறோம்.

‘எது நன்றாக இருக்கிறது, புத்தகமா படமா?’ என்ற கேள்விக்கு எங்கள் வகுப்பில் இடம் இல்லை. அந்தக் கேள்வி இரண்டு நிமிடத்தில் பேச்சை முடித்துவிடும். ‘ஏன் மாற்றினார்?’ என்பதுதான் எங்கள் கேள்வி. படம் எடுத்தவரும் நம்மைப் போல ஒரு வாசகர், அவர் படித்த விதத்தை நமக்குக் காட்டுகிறார். தானும் ஒருமுறை படித்திருக்கும் பிள்ளைதான் அவரோடு சரிசமமாக உட்கார்ந்து பேச முடியும். கூட்டத்தில் கேட்ட தந்தைக்கு நான் அன்று சொல்ல நினைத்து முடியாமல்போன பதில் இதுதான்.

மேல்வகுப்புகளுக்குத் தேர்ந்தெடுத்திருப்பவை இன்னும் நெருக்கமானவை. தினமும் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் இறங்கி நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எத்தனை பேர்! 1906இல் புதுமைப்பித்தன் பிறந்தது அந்தத் திருப்பாதிரிப்புலியூரில்தான். அவர் எழுத்தில் மணப்பது நெல்லை மண் என்றாலும் பிறந்த ஊர் என்ற உரிமையை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? 1934இல் ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். இருவர் எழுத்தும் திரைக்குப் போனது. கடலூர் என்ற ஒரே ஊர் தந்த இந்த இரண்டு பேரையும் படிக்காமல் நம் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதினொன்றாம் வகுப்பு புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைப் படித்துவிட்டு, அதிலிருந்து கருவை எடுத்துக்கொண்டு மகேந்திரன் 1979இல் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ படத்தைப் பார்க்கும். குறுநாவலில் தாய் இறந்த பிறகுதான் கதை. படத்தில் அந்தத் தாய் நம் கண் முன்னே வாழ்ந்து, வாடி, இறக்கிறாள். ஆற்றங்கரை முடிவு முழுவதும் மகேந்திரனுடையது. இந்தப் படத்தில் ஒரு பெண்ணை மிகக் கொடுமையாக அவமதிக்கும் காட்சி ஒன்று உண்டு. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, என்ன நடக்கிறது என்பதை வகுப்பாசிரியை சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார். உங்கள் பிள்ளை அந்தப் படத்தையே பார்க்க வேண்டாம் என்று கருதினால் கையேட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். காரணம் கேட்க மாட்டோம். அந்த நேரத்தில் அவர்கள் நூலகத்தில் இருக்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஜெயகாந்தன். 1966இல் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வெளிவந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. ஒரு மழை மாலையில் காரில் அழைத்துப்போகப்பட்டு, சீரழிக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள் தாய். அது எப்படி முடியும் என்று கேட்டவர்கள் பலர். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் மகளின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அவரே எழுதிய நாவல்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. பிறகு பீம்சிங் இயக்கத்தில் 1977இல் வந்த படத்துக்குத் திரைக்கதையையும் அவரே எழுதினார். ஒரே நிகழ்ச்சியை ஒரே எழுத்தாளர் மூன்று முறை மூன்று வடிவத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறார். பதினேழு வயதுப் பெண்களும் பையன்களும் ஒரே அறையில், ஆசிரியர் துணையோடு, மரியாதையாகப் பேசவேண்டிய விஷயம் இது. கைப்பேசியில் தனியாக, தவறான இடத்திலிருந்து தெரிந்துகொள்வதைவிட இந்த அறை பாதுகாப்பானது என்று நம்புகிறேன்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இதற்கு நேரம் எங்கே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். திருப்புதல் தேர்வு தொடங்கும் ஜனவரிக்கு முன் இந்த வகுப்புகள் முடிந்துவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை படிக்கும் நூலை வீட்டில் இன்னொருவரும் படியுங்கள். அம்மா, தாத்தா, அத்தை, யாராக இருந்தாலும் சரி. கல்கி, புதுமைப்பித்தன் இருவர் நூல்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. மாவட்ட மைய நூலகத்திலும் இரவல் பெறலாம். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். இரவுச் சாப்பாட்டின்போது ‘இன்று எங்கே நிறுத்தினாய்?’ என்று மட்டும் கேளுங்கள், மற்றதை அவர்களே பேசுவார்கள். படிக்க நேரமே இல்லாதவர்கள், மாலையில் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. மணிமேகலைக்காகச் சண்டை போட்ட மாணவியின் பாட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்புக்கே வந்துவிட்டார். தம் தாயார் அந்தக் காலத்தில் ‘கல்கி’ இதழிலிருந்து தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகத்தைத் துணிப்பையில் கொண்டுவந்தார். ஓவியர் மணியம் வரைந்த படம் ஒன்றின் மேல் விரலை வைத்து, “படத்தில் நடித்த பிள்ளையும் நன்றாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் என் வந்தியத்தேவன் இவன்தான்” என்றார். பிள்ளைகள் அந்தப் பழுப்புத் தாள்களைத் தொடவே பயந்தார்கள். அவர்களைத் தைரியமாகப் புரட்டச் சொன்னார்.

இப்படிப்பட்ட பைண்டு புத்தகங்கள் உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ இருக்கக்கூடும். எந்தத் தொடராக இருந்தாலும் சரி, ஒரு மாதம் எங்களுக்கு இரவல் கொடுங்கள். வகுப்பாசிரியர் ரசீது தருவார். கண்ணாடி அலமாரியில் வைத்து, ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே பிள்ளைகள் புரட்டுவார்கள். புத்தகத்தோடு அதைச் சேர்த்துவைத்தவரும் வந்தால் இன்னும் மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நூலகத்துக்குப் பக்கத்து அறை. அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டுவைத்திருப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியை
கடலூர்