நிறத்துக்கும் ஜிகாபைட்டுக்கும் என்ன கதை?

ஆசிரியர் அவர்களுக்கு,

சுன்னாகத்தில் கல்யாண அல்பம் செய்து கொடுப்பவன் நான். போன மாதம் கணினித் திரையில் கூறைச்சேலையின் சிவப்பு வெளுத்துத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கேட்டால், "8 ஜிகாபைட் கிராபிக்ஸ் கார்ட் போடுங்கோ அண்ணை, நிறம் தூக்கும்" என்றான் பெடியன். காசைக் கட்டிப் போட்டும் பார்த்தேன். சிவப்பு அப்படியே கிடந்தது.

ஒரு காலத்தில் அந்தக் கதை சரி. திரைக்குப் படம் அனுப்பும் அந்தக் கார்டில் நினைவகம் கூடினால், காட்டும் நிறமும் கூடும். 1 மெகாபைட் கார்டில் 1024 × 768 புள்ளி வைத்தால் 256 நிறம்தான். 65,536 நிறம் வேண்டுமென்றால் 800 × 600க்கு இறங்க வேண்டும். மணப்பெண்ணின் கன்னம் திட்டுத்திட்டாகத் தெரிந்த காலம் அது. இப்போது 1920 × 1080 திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் வைத்தாலும் முழுப் படத்துக்கு 8 மெகாபைட் அளவுதான். 1 கோடி 67 இலட்சம் நிறம் அதற்குள் அடங்கிவிடும். மிச்ச நினைவகம் விளையாட்டுக்கும் முப்பரிமாண வேலைக்கும்.

என் வில்லங்கம், கணினியைத் திரையோடு இணைக்கும் எச்டிஎம்ஐ இணைப்பின் அமைப்பில் இருந்தது. கறுப்பிலிருந்து வெள்ளைவரை போகும் நிற வீச்சு 0–255க்குப் பதிலாக 16–235இல் நின்றது. மாற்றினேன், சிவப்பு வந்தது. சதம் செலவில்லை.

கார்டைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

அல்பக்காரன்,
சுன்னாகம்.