செஷனுக்குள் எதை வைப்பது?

கிளிநொச்சி

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோ குறைந்தது நல்ல செய்தி. இங்கே காலபோக அறுவடை முடிந்து எல்லோரும் சிறுபோக நெற்செய்கைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்துத்தான் ஆளுக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். அந்தப் பதிவுக்காக ஒரு கமக்கார அமைப்புக்கு ஜாங்கோவில் (பைதனில் இணையச் செயலி கட்ட உதவும் சட்டகம்) சின்னச் செயலி ஒன்று எழுதுகிறேன். நீயும் அதே மாதிரி ஒன்றில் இறங்கியிருக்கிறாய் என்றதும் சந்தோசம்.

லொகின் செய்தவரை ஒரு வியூவிலிருந்து (ஒரு பக்கத்துக்குப் பதில் தரும் நிரல் துண்டு) அடுத்ததுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டாய். நீ கொண்டுபோகத் தேவையில்லை. பிரவுசரும் சேவரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபிக்கு முந்தின ரிக்வெஸ்ட்டைப் பற்றிய ஞாபகம் கிடையாது. பிரவுசர் ஒவ்வொரு முறையும் குக்கியில், அதாவது தான் சேமித்து வைத்திருக்கும் சின்னக் குறிப்பில், ஒரு செஷன் இலக்கத்தைக் கொண்டுவரும், ஜாங்கோ அந்த இலக்கத்துக்குச் சேவரில் வைத்திருக்கும் தகவலை, அதாவது செஷனை, தரவுத்தளத்தில் தேடி ஆள் யாரென்று சொல்லிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில். தெரிவுசெய்த கமக்காரரைச் செஷனில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் ஏக்கரைக் கேட்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். அலுவலகத்துப் பிள்ளை எப்போதும் இரண்டு டேப் திறந்துதான் வேலை செய்யும். ஒன்றில் உருத்திரபுரத்து ஐயா, மற்றதில் வட்டக்கச்சி அக்கா. டேப் இரண்டென்றாலும் குக்கி ஒன்று, செஷனும் ஒன்று. அக்காவைத் தெரிவுசெய்த கையோடு ஐயாவின் டேப்பில் சேமித்தால் ஐயாவின் மூன்று ஏக்கர் அக்காவின் பெயரில் ஏறும். வரம்புச் சண்டைக்கு வேறு காரணமே தேவையில்லை! கமக்காரர் இலக்கத்தைப் பக்க முகவரியிலேயே போடு. அந்த இலக்கத்தை மாற்றி அடித்துப் பார்க்கிற ஆட்களும் இருப்பார்கள், ஆகவே அந்தப் பதிவைத் தொட இவருக்கு உரிமை உண்டா என்று ஒவ்வொரு வியூவிலும் பார்த்துக்கொள். செஷனுக்கு ஆள் யாரென்று தெரிந்தால் போதும்.

பிறகு, காலாவதி. நீ ஒன்றும் மாற்றாவிட்டால் ஜாங்கோ செஷன் இரண்டு கிழமை உயிரோடு இருக்கும். வீட்டுக் கொம்பியூட்டருக்குச் சரி. இங்கே ஒரே கொம்பியூட்டரில் செயலாளரும் பொருளாளரும் மாறி மாறி இருக்கிறார்கள், அதனால் அரை மணித்தியாலம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் செஷனைச் சேமிக்கச் சொல்லிவிடு, அப்போதுதான் அரை மணித்தியாலம் ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணப்படும். இல்லாவிட்டால் வேலை நடக்கும்போதே வெளியே தள்ளிவிடும். பிரவுசரை மூடினால் போய்விடும் என்ற அமைப்பை மட்டும் நம்பாதே. குரோம் பழைய டேப்களை மீட்கும்போது அந்தக் குக்கியும் கூடவே வந்துவிடும்.

பொருளாளருக்கு என்மேல் எரிச்சல்தான். தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாக வந்தால் திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்கிறதாம். கேட்கட்டும்.

உன் வியூ கோப்பை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். சித்திரைக்கு வருவாயா?

அன்புடன்,
உன் மச்சான்