சனிக்கிழமை இரவுக்கு முன்

மண்டபம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை இரவு போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளில் 13-ஆம் பதிப்பிலிருந்து 18-க்கு மாறுகிறோம், லினக்ஸும் புதிது என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை. 13-ஆம் பதிப்புக்கு 2025 நவம்பரோடு ஆதரவு நின்றுவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே இரவிலா?

பழைய தரவுக் கோப்புறையை 18-இடம் அப்படியே கொடுத்தால், இது வேறு பதிப்பு உண்டாக்கியது, எனக்குப் பொருந்தாது என்று சர்வர் கிளம்பவே மறுத்துவிடும். 2007 வரை நம் பாம்பன் பாலத்தில் மீட்டர் பாதைதான்; அகலப்பாதைப் பெட்டி அதில் ஏறாது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்படிக் கண்ணெதிரே நிற்கும் தடைக்கு நான் அஞ்சவில்லை. சத்தமில்லாமல் கிளம்பிவிடும் சர்வருக்குத்தான் அஞ்சுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, படகுப் பதிவுகள் இருந்த சர்வரைப் புதிய லினக்ஸுக்கு மாற்றினோம். போஸ்ட்கிரெஸ் அதே பதிப்பு என்பதால் கோப்புகளை அப்படியே நகலெடுத்தோம். நன்றாகவே ஓடியது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம், மானிய டீசலுக்கு ஒரு விசைப்படகுக்காரர் வந்தார். அவர் படகின் எண்ணைத் தட்டினால் அப்படி ஒரு படகே இல்லை என்றது. நானும் அவரிடம் அதையே சொல்லி அனுப்பினேன். மாலையில் முழுப் பட்டியலையும் இறக்கிப் பார்த்தால், அவர் படகு அதில் இருக்கிறது. அதற்குள் இரண்டு மாதம் காத்திருந்த மனிதர் முதல் நாள் தொழிலை இழந்துவிட்டார்.

காரணம் ஜிலிப்சி, எழுத்துகளை வரிசைப்படுத்த போஸ்ட்கிரெஸ் நம்பியிருக்கும் லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பு. 2018-இல் வந்த அதன் 2.28 பதிப்பு, எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையையே மாற்றிவிட்டது. எங்கள் படகு எண்களில் சில சிறுகோட்டோடும் சில கோடு இல்லாமலும் இருந்தன. தேடலுக்கு உதவும் அட்டவணையான இண்டெக்ஸ், எண்களைப் பழைய வரிசையில் அடுக்கியிருந்தது. புதிய லினக்ஸ் வேறு வரிசையில் தேடியது. ஒரே எண் இரண்டு முறை பதிவானதையும் பிறகு கண்டோம்.

பதிப்பை மாற்றித்தரும் பிஜி_அப்கிரேட் கருவி இண்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டாது, இருப்பதையே எடுத்துச் செல்லும். ஆகவே இரண்டு லினக்ஸிலும் ஜிலிப்சி பதிப்பைப் பார். பழையதில் 2.28-க்கு முந்தையதும் புதியதில் 2.28-ஓ அதற்குப் பிந்தையதோ இருந்தால், எழுத்துப் புலங்களின் இண்டெக்ஸ்களை எல்லாம் மறுபடி கட்டாமல் யாரையும் உள்ளே விடாதே. தரவுத்தளம் சிறியதென்றால் தரவை எல்லாம் டம்ப் கோப்பாக வெளியே எடுத்துப் புதியதில் ஏற்றிவிடு. நேரம் பிடிக்கும், ஆனால் இண்டெக்ஸ்கள் புதிதாகவே உருவாகும்.

பிஜி_அப்கிரேடின் சோதனை ஓட்டத்தை நாளைக்கே நடத்தலாம். பழைய சர்வரை நிறுத்தத் தேவையில்லை. 18-இல், தரவு கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும் செக்சம் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும்; உங்கள் 13-இல் இல்லையென்றால் கருவி மறுத்துவிடும், முன்பே சரிசெய்துகொள். கோப்புகளை நகலெடுக்காமல் பழையவற்றையே பயன்படுத்தும் லிங்க் முறை வேகமானதுதான். ஆனால் அதில் புதிய சர்வர் ஒருமுறை கிளம்பிவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. தனி நகல் ஒன்று கையில் இல்லாமல் அதைத் தொடாதே, அம்மா.

சோதனை ஓட்டம் என்ன சொன்னது என்பதை அப்படியே எனக்கு அனுப்பு, வரிவரியாகப் படிக்கிறேன். சனி இரவு விழித்துத்தான் இருப்பேன். எந்த நேரமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா