ஏரிகளை வரைந்த பறக்கும் படகுகள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, அன்பான உறுப்பினர்களே, வணக்கம்.

நம் வாசிப்பு வட்டம் கடந்த ஆண்டில் 10 முறை கூடியது. குளிர்காலத்தில் இரண்டு கூட்டங்களைப் பனிப்புயல் காரணமாகக் கைவிட்டோம். புதிதாக நால்வர் இணைந்தார்கள். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் நேரே ஆண்டின் வாசிப்புப் பொருளுக்கு வருகிறேன்.

அந்த வாசிப்புப் பொருளைத் தந்தவர் நம் உறுப்பினர் ஒருவர். வட ஒன்ராறியோவுக்கு மீன் பிடிக்கப் போய்வந்தவர், ஒரு வரைபடத்தை மேசையில் விரித்து, "இத்தனை ஏரிகளையும் முதலில் யார் நடந்து போய் வரைந்தார்கள்?" என்று கேட்டார். பல இடங்களுக்கு யாரும் நடந்து போகவில்லை, கடற்படைக்காகச் செய்த பறக்கும் படகுகளில் போனார்கள் என்ற விடை கிடைத்தபோது அந்தக் கேள்வியை விட மனமில்லாமல் போயிற்று.

தொடக்கத்திலேயே கலைச்சொல் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. விமானத்தின் உடலே படகாக இருந்தால் 'பறக்கும் படகு', சாதாரண உடலுக்குக் கீழே மிதவைகள் பூட்டியிருந்தால் 'மிதவை விமானம்' என்று முடிவு செய்தோம். நம் வெளியீடுகளில் இனி இப்படியே எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் உலகப் போரின்போது, 1918 இல், நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக அமெரிக்கக் கடற்படை நோவா ஸ்கோஷியாவில் டாட்மத், நோர்த் சிட்னி ஆகிய இரண்டு இடங்களில் கேர்டிஸ் எச்எஸ்-2எல் பறக்கும் படகுகளை நிறுத்தியிருந்தது. பின்னாளில் துருவப் பயணங்களால் பெயர் பெற்ற ரிச்சர்ட் பேர்ட் அங்கே கட்டளை அதிகாரியாக இருந்தார். போர் முடிந்ததும் 12 படகுகளைக் கனடாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கியூபெக்கில் லோரன்டைட் காகித நிறுவனத்தின் வன அதிகாரி எல்வூட் வில்சன், காட்டுத்தீயைக் கண்காணிக்கவும் காட்டை வரையவும் அவற்றில் இரண்டைக் கேட்டு வாங்கினார். கையில் கிடைத்த போர்க்கருவிக்கு இப்படி ஒரு வேலையைக் கண்டுபிடித்த அந்த மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

முதல் படகை 1919 யூன் 5 ஆம் தேதி டாட்மத்திலிருந்து ஓட்டிச் சென்றவர் விமானி ஸ்டுவேர்ட் கிரகாம். பொறியாளராக வோல்ட்டர் காரே போனார். வழிகாட்டியவர் கிரகாமின் மனைவி மட்ஜ். 645 மைல் கடந்து, 8 ஆம் தேதி கியூபெக்கின் லாக்-ஆ-லா-டோர்ட்டு ஏரியில் இறங்கினார்கள். இயந்திர இரைச்சலில் பேச்சு எதுவும் காதில் விழாது. அதனால் துணி காயப்போடும் கொடியைப் போல ஒரு கயிற்றைக் கப்பியில் மாட்டி, குறிப்புச் சீட்டுகளை அதில் கோத்துக் கணவருக்கு அனுப்பினார் மட்ஜ். மார்ச் கூட்டத்தில் இதை வாசித்தபோது நம் மகளிர் அணித் தலைவி எழுந்து, இந்தப் பெயரை அறிக்கையில் கட்டாயம் பதிய வேண்டும் என்றார். பதிந்துவிட்டேன், அம்மா.

செப்டெம்பரில் 34 பேர் பஸ்ஸில் ஒட்டாவா சென்று, விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் அந்தப் படகையே பார்த்தோம். அதன் பெயர் 'லா விஜிலான்ஸ்'. 1922 இல் ஒன்ராறியோவில் ஒரு சிறு ஏரியில் விழுந்து மூழ்கிய அதை 1960களின் இறுதியில் வெளியே எடுத்தார்கள். பிறகு மூன்று விமானங்களின் பாகங்களைச் சேர்த்து, பல ஆண்டு உழைத்து முழு உருவாக்கியிருக்கிறார்கள். இறக்கையின் அகலம் 74 அடி. 12 உருளைகள் கொண்ட லிபேர்ட்டி இயந்திரம் தலைக்கு மேலே, இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே தொங்குகிறது. விசிறி பின்பக்கம் இருக்கிறது. அடிப்பாகத்தில் ஒரு படி வெட்டியிருக்கிறார்கள். வேகமெடுக்கும்போது உடலை விடாமல் பிடித்திழுக்கும் தண்ணீரை அந்தப் படிதான் அறுத்து விடுகிறது. மர உடல் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சப் பாரம் கூடும். அப்போது சிறிய ஏரியில் எழும்புவது பெரும்பாடு. காற்றில்லாமல் கண்ணாடிபோல் கிடக்கும் ஏரியில் இறங்குவதும் ஆபத்தானது. தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது.

மூக்கில் உள்ள திறந்த குழியில்தான் பார்வையாளர் உட்காருவார். மடியில் வரைபடம், கையில் வண்ணப் பென்சில். தேவதாரு, பேர்ச் மரம், எரிந்த காடு, சதுப்பு என்று கண்ட கண்டபடி நிறம் தீட்டிக்கொண்டே போவார். அந்தக் குழிக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். குளிர்காற்று முகத்தில் அடிக்க, விரல் விறைக்க, கோடு பிசகாமல் வரைந்திருக்கிறார்கள். ஓட்டியவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. பென்சில் பிடித்த பலருடைய பெயர்கள் இல்லை. இதை ஒரு குறையாகவே இங்கே பதிகிறேன்.

பென்சிலுக்குப் பிறகு கமெரா வந்தது. 1917 யூன் 14 ஆம் தேதி வட கடலுக்கு மேலே எல்-43 என்ற ஜெர்மானியச் செப்பலின் வான்கப்பலை வீழ்த்திய பறக்கும் படகை ஓட்டியவர் பசில் ஹொப்ஸ். அதே மனிதர் 1924 இல் விக்கர்ஸ் வைக்கிங் பறக்கும் படகில் வட மனிற்றோபா, சஸ்காச்சுவான் ஏரிப் பகுதிகளுக்குப் படம் பிடிக்கும் பயணத்தை நடத்தினார். தொடுவானமும் தெரியும்படி சாய்வாக எடுத்த படங்கள் அவை. தொடுவானம் தெரிந்தால் கமெரா எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதைக் கணக்கிடலாம். தூரம் போகப்போகக் குறுகும் கட்டங்களைப் படத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதைத் தாளில் சமசதுரக் கட்டத்துக்கு மாற்றுவார்கள். தரை மட்டமாக இருப்பதால்தான் இது அங்கே பலித்தது.

இலங்கையில் நில அளவையாளராக இருந்த நம் மூத்த உறுப்பினர் ஐயா இதை ஏப்ரலில் செய்தே காட்டினார். தம் வீட்டு 18 ஆவது மாடிச் சாளரத்திலிருந்து எடுத்த படத்தின் மேல், தாமே கோடிட்ட கண்ணாடித்தாளை வைத்து, கீழேயுள்ள தெருக்களை ஒரு மணி நேரத்தில் வரைந்துவிட்டார். ஒரு சிறுவன் அதில் தன் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தான். அன்று வந்தவர்கள் நேரமாகியும் மண்டபத்தை விட்டு எழவில்லை.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. இந்தக் கூட்டங்களின் குறிப்புகளைப் படங்களோடு ஒரு சிறு நூலாக்க வேண்டும். அடுத்து, இலங்கையின் கொக்கல ஏரித் தளத்திலிருந்து 1942 ஏப்ரல் 4 ஆம் தேதி பறந்து, யப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு அறிவித்த கனடியர் லெனார்ட் பேர்ச்சலின் கற்றலினாப் பறக்கும் படகைப் படிக்க வேண்டும். கொக்கலவை நேரில் அறிந்த உறுப்பினர்கள் பெயர் தர வேண்டுகிறேன். சந்தாவை மாத இறுதிக்குள் பொருளாளரிடம் செலுத்திவிடுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையை வேண்டுகிறேன்.

செயலாளர்