நலச்சங்க ஆண்டறிக்கை: இந்த வருஷம் வழக்கமான வேலையும் பசங்களோட ஹேக்கத்தானும்

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வர முடியாதவங்க, வந்தும் ஃபேன் சத்தத்துல ஒண்ணும் காதுல விழலன்னு சொன்னவங்க, எல்லாருக்கும் சேத்து அறிக்கைய இங்க போடுறேன். எனக்கு முன்னாடி இருந்த செயலாளர் சார் நல்ல தமிழ்ல எழுதுவாரு, எனக்கு அது வராது, பேசற மாதிரியேதான் எழுதியிருக்கேன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

வழக்கமான சமாச்சாரத்த மொதல்ல சட்டுனு முடிச்சிடறேன். மழைக்கு முன்னாடி வடிகால் தூர் வார மாநகராட்சி புகார் நம்பர் 1913ல பதிவு பண்ணோம், வேலை நடந்துச்சு. பொங்கலுக்கு கோலப்போட்டி நடந்துச்சு, தீர்ப்பு சொன்னதுல சண்டையும் நடந்துச்சு, அது எல்லாருக்கும் தெரியும். முனை கேமரா ஒண்ணு மாத்தினோம். வரவு செலவு கணக்க பொருளாளர் தனியா வாசிச்சிட்டாரு, நகல் ஆபீஸ் ரூம்ல இருக்கு, வந்து பாக்கலாம்.

இப்ப ஹேக்கத்தான், அதாவது டீமா சேந்து குறிச்ச நேரத்துக்குள்ள ஒரு ஆப்போ வெப் பேஜோ பண்ணிக் காட்டற போட்டி. போன பொதுக்குழுவுல ஒரு காலேஜ் தம்பி எழுந்து "வருஷா வருஷம் கேரம் போட்டி வைக்கிறீங்க, எங்களுக்கு ஒரு ஹேக்கத்தான் வைங்க, பெரிய போட்டிக்கெல்லாம் போனா மொதல் ரவுண்டுலயே வெளிய வந்துடறோம், தோக்கறதுக்காவது பழக ஒரு இடம் வேணும்"னு சொன்னான், எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா அவன் சொன்னதுல விஷயம் இருந்துச்சு. 2017லேர்ந்து சென்ட்ரல் கவர்மென்ட் நடத்தற ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்லாம் ஆறு பேர் டீம், காலேஜுக்குள்ளயே ஒரு வடிகட்டல் முடிச்சிட்டுத்தான் மேல போகணும், இப்பதான் பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழி கத்துக்கறவன் அதுல எங்க நிக்கறது. அதனால நம்மளோடது மொதல் தடவை பண்றவங்களுக்கு மட்டும்னு முடிவு பண்ணோம், ஏற்கனவே எங்கயாவது பரிசு வாங்கின பசங்கள வழிகாட்டியா வரச் சொன்னோம், அவங்களும் சந்தோஷமா வந்தாங்க.

தேதி பிடிக்கறதே பெரும் பாடு. மார்ச்னா பப்ளிக் எக்ஸாம், ஏப்ரல், மே மாசத்துல காலேஜ் செமஸ்டர், நவம்பர் டிசம்பர்ல மழை, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ கரண்ட்டும் நெட்டும் இல்லாம எப்படி இருந்தோம்னு யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கடைசில ஜூலைல ஒரு சனி ஞாயிறு. மொதல்ல ஒரு ஹால்ல வைக்கறதாத்தான் பேச்சு, தர்றேன்னு சொன்ன இடத்துல கடைசி வாரத்துல கைய விரிச்சிட்டாங்க, வேற வழியில்லாம ஆன்லைனுக்கு மாத்தினோம். என்னக் கேட்டா அதுவே நல்லதாப் போச்சு. ராத்திரி வெளிய தங்கணும்னா நம்ம தெருல பாதிப் பொண்ணுங்கள வீட்ல விட்டிருக்கவே மாட்டாங்க.

ரூல் கொஞ்சம்தான். ரெண்டுலேர்ந்து நாலு பேர் டீம், தனியா வந்தா நாங்களே சேத்து விடுவோம். ராத்திரி 11லேர்ந்து காலைல 6 வரைக்கும் யாரும் கீபோர்ட தொடக்கூடாது (ஹேக்கத்தான்னா தூங்கக்கூடாதுன்னு எவனோ கிளப்பி விட்டிருக்கான்). ஏஐ யூஸ் பண்ணலாம், ஆனா டெமோ அப்போ ஜட்ஜ் ஏதாவது ஒரு லைன காட்டி இது என்ன செய்யுதுன்னு கேப்பாரு, சொல்லணும். ஒரு டீம் சாட்ஜிபிடி குடுத்தத அப்படியே ஒட்டிட்டு வந்து முழிச்சாங்க, வெளிய அனுப்பல, அரை மணி நேரம் குடுத்து புரிஞ்சிட்டு வாங்கன்னோம், வந்தாங்க, பாதி சொன்னாங்க, அது போதும்னு எடுத்துக்கிட்டோம். செயற்குழுல ஒருத்தருக்கு இதுல உடன்பாடில்ல, அதையும் பதிவு பண்றேன்.

காலைல ஜூம்ல ஆரம்பிச்சோம், ஃப்ரீ அக்கவுண்ட் நாப்பது நிமிஷத்துல கட் ஆயிடும், உள்ள வர்றதுக்குள்ளயே பாதி நேரம் போயிடுது, அதனால குரூப்பா பேசற டிஸ்கார்டுங்கற ஆப்புக்குப் போனோம். அது கேம் ஆடற ஆப் ஆச்சேன்னு ரெண்டு அம்மாங்க போன் பண்ணி விசாரிச்சாங்க, நம்ம மகளிர் அணி அக்காவே உள்ள வந்து உக்காந்துட்டாங்க, அதுக்கப்புறம் யாரும் கேக்கல.

நான் முக்கியமா சொல்ல வர்றது இதத்தான். நாம எல்லாம் நினைச்சது கோடிங் கஷ்டமா இருக்கும்னு. கோடிங்குக்கு முன்னாடியே பசங்க நின்னுட்டாங்க. பாதிப் பேர்கிட்ட லேப்டாப் இல்ல, போன்தான். கூகுள் கோலாப்னு பைத்தான் எழுதி ஓட்டற சைட் இருக்கு, பிரவுசர்லயே ஓடும், போன்லயும் பைத்தான் எழுதலாம், ஆனா ஒரு தம்பிக்கு மொதல் லைன்லயே எரர், திரும்பத் திரும்ப அதே எரர், எழுத்து ஒண்ணும் தப்பில்ல. வழிகாட்டியா வந்த பொண்ணு ஸ்கிரீன ஷேர் பண்ணச் சொல்லி பெருசு பண்ணிப் பாத்தா, மேற்கோள் குறி வளைஞ்ச குறியா விழுந்திருக்கு, நோட்ஸ் ஆப்ல அடிச்சு காப்பி பண்ணியிருக்கான், பைத்தானுக்கு நேர்க்குறிதான் வேணும். மாத்தினதும் ஓடிடுச்சு. கூட யாரும் இல்லன்னா அந்தப் பையன் எனக்கு கோடிங் வராதுன்னு லாக் அவுட் பண்ணிட்டுப் போயிருப்பான். இதுக்குத்தான் ஆளு வேணும்னு சொல்றேன்.

இன்னொரு டீம், ரெண்டு பொண்ணுங்க, தமிழ்ல சொல் விளையாட்டு பண்ணாங்க, எத்தன எழுத்துன்னு கட்டம் வரும், ஊர் பேரக் கண்டுபிடிக்கணும். வில்லிவாக்கம்னு போட்டா ஏழு கட்டம் வரணும், பதிமூணு வந்து நிக்குது. அக்கா நம்ம ஊர் இவ்ளோ பெருசான்னு ஒருத்தி கேட்டா, ஆன்லைன்ல கூட இருந்த எல்லாரும் சிரிச்சிட்டாங்க. விஷயம் என்னன்னா யூனிகோட்ல, அதாவது கம்ப்யூட்டர் எழுத்துகள சேத்து வைக்கற முறைல, ‘வி’ங்கறது ஒரு குறியீடு இல்ல, வகரம் ஒண்ணு இகரக் குறி ஒண்ணு, ‘ல்’னா லகரம் ஒண்ணு புள்ளி ஒண்ணு, பைத்தான் அத எல்லாம் தனித்தனியா எண்ணுது. ஓப்பன் தமிழ்னு ஒரு லைப்ரரி (ரெடியா எழுதி வெச்ச கோட் தொகுப்பு) இருக்கு, அது நம்ம கண்ணுக்குத் தெரியற மாதிரி எழுத்தாப் பிரிச்சுக் குடுக்கும், அதப் போட்டதும் சரியா ஏழு. இதக் கண்டுபிடிக்கவே சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கப் போச்சு, ஆனா அந்த ரெண்டு பேரும் இனிமே தமிழ்ல எந்த ஆப் பண்ணாலும் இதுல மாட்ட மாட்டாங்க.

ஏரி டீம் பத்தி நிறைய பேர் கேட்டீங்க. சென்னைக்குக் குடிதண்ணி தர்ற ஏரில எவ்ளோ தண்ணி இருக்குன்னு ஒரு டம்ளர் படமா காட்டற பேஜ். பாக்க அழகா இருந்துச்சு. நம்ம ஜட்ஜ்ல ஒருத்தர் குடிநீர் துறைல இருந்து ரிடயர் ஆன பெரியவரு, கம்ப்யூட்டர் தெரியாதுன்னு வரவே தயங்கினவரு, டம்ளரப் பாத்ததும் "மொத்தம் எவ்ளோன்னு வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டாரு. 11,257 மில்லியன் கன அடி தாத்தான்னாங்க. "பூண்டி 3,231, சோழவரம் 1,081, செங்குன்றம் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, அத்தோட நிறுத்திட்டீங்க, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500 எங்க? அதச் சேத்தா 11,757. வீராணம் 1,465யும் சேத்து எழுதறவங்களும் உண்டு, நீங்க எதச் சேக்கறீங்கன்னு பேஜ்லயே எழுதணும், இல்லன்னா பேப்பர்ல வர்ற சதவீதமும் உங்க சதவீதமும் ஒட்டாது"ன்னு பேப்பர் பேனா இல்லாம கடகடன்னு சொல்லிட்டாரு. பசங்க வாய் திறந்து உக்காந்திருந்தாங்க. அங்கயே திருத்தினாங்க. அடுத்த வருஷம் ஜட்ஜ் தேடும்போது ஐடி கம்பெனி ஆளுங்களத்தான் கூப்பிடணும்னு இல்லங்கறது என் அபிப்பிராயம்.

பரிசு விஷயம். பெரிய தொகையா குடுத்தாத்தான் மதிப்புன்னு செயற்குழுல கொஞ்ச பேர் சொன்னாங்க, ஒரு கோச்சிங் சென்டர் ஸ்பான்சர் பண்றேன்னும் வந்தாங்க, ஆனா கலந்துக்கற எல்லா பசங்களோட போன் நம்பரும் வேணுமாம். முடியாதுன்னு சொல்லிட்டோம். 2023ல வந்த டேட்டா பாதுகாப்பு சட்டத்துல 18 வயசு ஆகாத வரைக்கும் குழந்தைதான், பெத்தவங்க சம்மதம் வேணும், அது ஒரு பக்கம். சட்டமே இல்லன்னாலும் நம்ம வீட்டுப் பசங்க நம்பர வித்து கோப்பை வாங்கறது நல்லாவா இருக்கும். கடைசில முடிச்ச எல்லாருக்கும் சான்றிதழும் புக்கும் குடுத்தோம், மிச்சப் பணத்த டேட்டா ரீசார்ஜுக்குப் போட்டோம். அதுதான் சரியான செலவுன்னு இப்பவும் சொல்வேன், கோப்பை கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

முடிச்ச புராஜெக்ட் எல்லாம் கிட்ஹப்ல (கோட் ஏத்தி வைக்கற வெப்சைட்) இருக்கு, லிங்க் நம்ம வாட்சப் குரூப்ல பின் பண்ணியிருக்கு. பாதில நின்ன டீமும் இருக்கு, அவங்களோடதையும் ஏத்தச் சொல்லியிருக்கோம்.

அடுத்த வருஷத்துக்கு பொதுக்குழு ஒத்துக்கிட்டது: மறுபடி ஜூலைல ஆன்லைன்லயே, மூணு டீமுக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம், அதுக்கு முன்னாடி ரெண்டு ஞாயித்துக்கிழமை சங்க ரூம்ல அடிப்படை கிளாஸ். ரூம்ல இருக்கற பழைய கம்ப்யூட்டர் ரெண்டுலயும் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலா போடறது) போட்டுத் தர்றேன்னு நாலாவது தெரு தம்பி ஏத்துக்கிட்டான், மறுபடி ஞாபகப்படுத்தறேன் தம்பி.

சந்தா பாக்கி வெச்சிருக்கறவங்க மாசக் கடைசிக்குள்ள கட்டிடுங்க. வீட்ல சும்மா கிடக்கற லேப்டாப் யாராவது குடுத்தா நல்லாருக்கும், சார்ஜரோட குடுங்க, சார்ஜர் இல்லாம ஏற்கனவே வந்து கிடக்கு.

இப்படிக்கு,
செயலாளர்