நிறுத்தத்தில் நிற்பவள் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்த மறுநாள் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பெற்றோர் பிள்ளைகளை விட மனமில்லாமல் நிறுத்தங்களில் கூடி நின்றதால்தான் பேருந்துகள் தாமதமாயின என்று அதில் ஒரு வரி. அதைப் படித்த பிறகு அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அன்று காலை 7.10-க்கு வரவேண்டிய பேருந்துக்காகப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு 6.50-க்கே போய் நின்றவள் நான். வண்டி வந்தபோது 7.45. ஓட்டுநர் வேலைக்குப் புதியவர். அடுத்து எந்தத் தெருவில் திரும்புவது என்று எங்களிடமே கேட்டார். உதவியாளர் வைத்திருந்த பட்டியலில் பேத்தியின் பெயர் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே படிவம் கொடுத்து, கட்டணம் கட்டி, ரசீதும் வாங்கியிருக்கிறோம். பையைத் துழாவி அந்த ரசீதை எடுத்துக் காட்டும் வரை குழந்தை ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றாள். என் சுண்டுவிரலை மட்டும் விடவே இல்லை. இதில் வண்டியைத் தாமதப்படுத்தியது நாங்களா, ஐயா?

நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் கூடினால் பதினைந்து நிறுத்தம் தாண்டுவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். முதல் நாள் சின்னப் பிள்ளைகள் ஏறத் தயங்கும், அழும். அட்டவணை போடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

நாங்கள் ஏன் அங்கே நிற்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது இறங்கிய இடத்தில் தண்ணீர்ப் புட்டி கைதவறி முன்சக்கரத்துப் பக்கம் உருண்டது. எடுக்கக் குனிந்தாள். நான் போட்ட கூச்சலில்தான் வண்டி நின்றது. குழந்தை கண்ணில் படவே இல்லை என்று ஓட்டுநர் கைகூப்பிச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வண்டியின் மூக்குக்குக் கீழே நிற்கும் சின்ன உருவம் தெரியாது. பள்ளிப் பேருந்தில் போகிற பிள்ளைக்குப் பெரிய ஆபத்து ஏறி இறங்கும் இடத்தில்தான். வண்டியைச் சுற்றி மூன்று மீட்டர் தள்ளி நில், விழுந்ததை எடுக்கக் குனியாதே என்று யாராவது சொல்லித்தர வேண்டும். எங்களுக்கு எந்தப் பள்ளியும் சொன்னதில்லை.

மகன் விஷயம் இன்னும் மோசம். பின்னிருக்கையில் தூங்கிப்போனவனை ஷெட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். வண்டி கழுவ வந்தவர் பார்த்ததால் பிழைத்தான். வெயிலில் பூட்டிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும் என்று பின்னாளில் படித்தபோது என் கை நடுங்கியது. பையன்தான் கவனமாக இறங்கியிருக்க வேண்டும் என்றது பள்ளி நிர்வாகம். அப்போதும் தங்களுக்கு எழுதினேன். வெளிவரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

இந்த முறை செய்தியோடு புதிய மஞ்சள் பேருந்தின் படமும் போட்டிருந்தீர்கள். அந்த மஞ்சள் அழகுக்காக வந்ததல்ல என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1939-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில், விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த நிறம் அது. படத்தில் உள்ள வண்டியிலோ 'பள்ளிப் பேருந்து' என்ற எழுத்தைப் பாதி மறைத்து விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். தங்கள் நிருபர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

மறுப்புச் செய்தி போடும்படி நான் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு பள்ளி திறக்கும்போது ஒரு சின்னக் கட்டம் போடுங்கள், போதும். முந்தின நாளே ஓட்டுநரும் உதவியாளரும் ஒருமுறை வழித்தடம் முழுக்கப் போய் வரவேண்டும், நிறுத்தம்வாரியாகப் பெயர்ப் பட்டியல் கையில் இருக்கவேண்டும், ஒவ்வொரு நடை முடிந்ததும் ஒருவர் கடைசி இருக்கை வரை நடந்து பார்க்கவேண்டும் என்று அதில் எழுதுங்கள். பள்ளி திறந்த மறுநாள் வந்தால் பயனில்லை. முந்தைய வாரமே வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி